பூசணிக்காயும் முள்ளுத்தேங்காயும்

செப்டம்பர் பிறந்தால் எங்கள் பள்ளி பிரிண்டரில் ஆரஞ்சு நிறம் செத்துப்போகும். கறுப்பு மை தாராளமாக இருக்கும். நீலமும் ஓரளவு இருக்கும். மஞ்சளும் சிவப்பும் மட்டும் ஒன்றுகூடிப் பூசணிக்காய்களாகி வெளியேறியிருக்கும். மை வாங்கும் காசு பெற்றோர் ஆசிரியர் சங்கத்துடையது. அதன் பொருளாளர் மில்லுக்கு லோரி ஓட்டுகிறவர். டீசலுக்குச் சொட்டுச் சொட்டாய்க் கணக்குக் கொடுத்துப் பழகியவர். "நம்ப பள்ளிக்கூடத்துல இவ்ளோ ஆரஞ்சுக்கு என்னாங்க சார் வேலை?" என்று அவர் கூட்டத்தில் கேட்டபோது தலைமையாசிரியை என்னைப் பார்த்தார். நான் ஆங்கில டீச்சரைப் பார்த்தேன். ஆங்கில டீச்சர் மின்விசிறியைப் பார்த்தார்.

ஆங்கில டீச்சர் இளவயது, ஊக்கம் மிகுந்தவர். மழை பெய்தால் அறுந்துபோகும் எங்கள் இணைய இணைப்பிலும் பொறுமையாகக் காத்திருந்து இலவசப் பயிற்சித்தாள்களை இறக்கி வைப்பவர். அவற்றில் நிறைய அமெரிக்காவில் செய்தவை. அங்கே கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் இலை பழுக்கிறது, ஆப்பிள் பறிக்கிறார்கள், அக்டோபரில் பூசணி அறுக்கிறார்கள், நவம்பர் நான்காவது வியாழக்கிழமை நன்றி சொல்லிச் சாப்பிடுகிறார்கள். கனடாக்காரர்களுக்கு அவசரம் அதிகம்; அக்டோபர் இரண்டாவது திங்களிலேயே நன்றியை முடித்துக்கொள்கிறார்கள். ஒரு கிராமத்துத் தொடக்கப்பள்ளி இரண்டு மாதத்தை இதிலேயே ஓட்டலாம். பூசணியை நிறுத்தால் கணக்கு, விதையை எண்ணினால் இன்னொரு கணக்கு, இலையின் மேல் தாளை வைத்து வண்ணக்கட்டியால் தேய்த்தால் ஓவியம், சோளக்கொல்லைப் பொம்மை செய்தால் கைவேலை. அவர்களுக்கு அது நியாயமான பாடம். சன்னலைத் திறந்தால் எதிரே இருப்பதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

எங்கள் சன்னலைத் திறந்தால் செம்பனை. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இரண்டு பாகை சொச்சத்துக்குள் முடிந்துவிடுகிற மலேசிய மாநிலம் எங்கள் ஜொகூர். பகல் வருடம் முழுக்க ஏறக்குறைய ஒரே நீளம். இங்கே பருவம் மூன்று என்று கடைத்தெருவில் சொல்வார்கள்: வெயில், மழை, டுரியான். செப்டம்பரில் சில ஆண்டு நான்காவதாக ஒன்று வரும். சுமத்ராவில் காடும் கரிநிலமும் எரிந்து அந்தப் புகை கடல் தாண்டி வந்து உட்காரும். 2015-இல் அப்படித்தான் செப்டம்பர், அக்டோபரில் பள்ளிகளை மூடினார்கள். வானம் முழுக்க அந்தப் பயிற்சித்தாளின் நிறம். எங்களுக்குக் கிடைத்த இலையுதிர்காலம் அதுதான். இலை மட்டும் உதிரவில்லை.

முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் அந்தத் தாள்களை எடுத்துக்கொண்ட விதத்தை நான் பக்கத்து வகுப்பிலிருந்து, அதாவது நடுவில் நிற்கும் ஒரு ஒட்டுப்பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்து, நாள்தோறும் கேட்டேன். சிவப்புச் சுவரும் வெள்ளைக் குறுக்குச் சட்டம் போட்ட பெரிய கதவுமாக ஒரு தானியக் களஞ்சியம். "இது என்ன?" என்று டீச்சர் கேட்டதும் வகுப்பே ஒரே குரலில் "பொம்பா!" என்றது. சிவப்புக் கட்டடம், பெரிய கதவு. தீயணைப்பு நிலையம் இல்லாமல் வேறென்ன? தொப்பியும் கிழிந்த சட்டையுமாகக் கை விரித்து நின்ற சோளக்கொல்லைப் பொம்மையை ஒரு பையன் வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "முனியாண்டி சாமிக்கு யாரு டீச்சர் தொப்பி போட்டது?" என்று கவலைப்பட்டான். எங்கள் தோட்டத்து எல்லையில் முனியாண்டி இருக்கிறார். அவருக்கு அரிவாள் உண்டு, சுருட்டு உண்டு, வைக்கோல் கிடையாது.

ஆப்பிள் மரத்துக்கு வண்ணம் தீட்டும் தாளில் ஒரு சிறுமி எல்லா ஆப்பிளுக்கும் அழகாகச் சிவப்படித்து, ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு குட்டி வட்டம் வரைந்திருந்தாள். பூச்சி அரித்த ஓட்டையோ என்று நினைத்தோம். ஸ்டிக்கர். அவள் பார்த்த ஆப்பிளெல்லாம் ஸ்டிக்கரோடுதான் இருந்திருக்கின்றன. மரத்திலேயே அப்படித்தான் காய்க்கிறது என்று முடிவு கட்டியிருக்கிறாள். பார்த்ததை வைத்து முடிவுக்கு வருவதுதானே அறிவியல்? முழு மதிப்பெண் கொடுக்கச் சொல்லித் தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்து சிபாரிசு செய்தேன்.

ஒரே ஒரு தாள் மட்டும் எதிர்பாராத வெற்றி பெற்றது. பட்டதாரித் தொப்பி போட்டுக்கொண்டு பூசணிமேல் உட்கார்ந்திருந்த ஆந்தை. அதைக் கண்டதும் பிள்ளைகள் எழுந்து நின்றுவிட்டார்கள். "எங்க அப்பா டிவிசன்ல இருக்கு டீச்சர்! வூடு கட்டிக் கொடுத்திருக்காங்க!" உண்மைதான். செம்பனைப் பழத்தை எலி தின்னும். எலியைத் தின்ன ஆந்தை வேண்டும். அதனால் மலேசியத் தோட்டங்களில் கம்பம் நட்டு, அதன் உச்சியில் மரப்பெட்டி வைத்து, இந்த ஆந்தைகளைக் குடியமர்த்துகிறார்கள். சில லயத்து வீடுகளைவிட அந்தப் பெட்டிகளுக்குக் கூரை நன்றாக இருக்கும் என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆக, பயிற்சித்தாளில் இருந்த அத்தனை உயிரினத்திலும் எங்கள் பிள்ளைகளுக்கு விலாசம் தெரிந்தது ஆந்தை ஒன்றுக்குத்தான்.

வினை இலையில் வந்தது. "வீட்டருகே உதிர்ந்து கிடக்கும் அழகிய இலைகளைச் சேகரித்து வருக" என்று தாள் சொன்னது, டீச்சரும் சொல்லியனுப்பினார். செம்பனை தானாக இலை உதிர்க்கிற மரமல்ல. குலை வெட்டும்போது மட்டையையும் வெட்டிக் கீழே தள்ளுவார்கள். ஒரு மட்டை ஐந்தாறு மீட்டர் நீளம். அடிப்பக்கம் இருபுறமும் முள். மறுநாள் காலை சபை கூடியிருந்த நேரத்தில் பள்ளி வாசலில் தரதரவென்று சத்தம். இரண்டாம் ஆண்டுப் பையன் ஒருவனும் அவன் அண்ணனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து முழு மட்டை ஒன்றை இழுத்து வருகிறார்கள். தேசியப் பண் ஓடிக்கொண்டிருந்ததால் யாரும் அசைய முடியவில்லை. மட்டை மட்டும் அசைந்தது. அதன்மேல் தாள் வைத்துத் தேய்க்க வேண்டுமென்றால் தாளைச் சுருளாகத்தான் வாங்க வேண்டும். பொருளாளரின் முகம் எனக்கு நினைவுக்கு வந்தது.

ஜொகூரிலும் இலை உதிரும்; செப்டம்பரில் இல்லை. தோட்டத்து ஓரத்தில் மிச்சமிருக்கும் ரப்பர் மரங்கள், எங்கள் பெரியவர்கள் வாயில் கித்தா மரங்கள், பிப்ரவரி மார்ச்சில் செம்மஞ்சளும் செம்புமாகப் பழுத்து மொத்தமாக இலையைக் கொட்டும். புகைப்படம் எடுத்து அனுப்பினால் கனடா என்று நம்புவார்கள். ஆனால் பால் வெட்டிப் பிழைத்தவர்களிடம் அந்த அழகைப் பற்றிப் பேசக்கூடாது. இலை கொட்டினால் பால் குறையும். பால் குறைந்தால் சம்பளம் குறையும். அந்த மாதங்களில் கடைக்காரர் கணக்குப் புத்தகத்தைத் தடவித் தடவிப் பார்ப்பார் என்று என் பாட்டி சொல்வார். இலையுதிர்காலத்தைக் கடனுதிராக் காலம் என்று அறிந்த பரம்பரை நாங்கள்.

செப்டம்பரையொட்டி அந்த மரங்கள் தருவது கொட்டை. காய் பட்டென்று வெடித்துக் கொட்டை தெறிக்கும். அதைச் சிமெண்டுத் தரையில் சூடு பறக்கத் தேய்த்துப் பக்கத்துப் பையனின் தொடையில் வைப்பது எங்கள் தலைமுறையின் அறிவியல் செய்முறை. உராய்வு வெப்பமாகும் என்பதைப் புத்தகம் பார்த்தா தெரிந்துகொண்டோம்? ஆங்கில டீச்சரிடம், "பூசணி விதைக்குப் பதிலா இதை எண்ணச் சொல்லுங்களேன்" என்றேன். அவர் நல்ல மனத்தோடு சம்மதித்தார். எண்ணிக்கைப் பாடம் நன்றாகவே நடந்தது. இடைவேளையில் இரண்டு தொடைகளுக்கு மருந்து போட வேண்டி வந்தது.

"நமக்குத்தான் பொங்கல் இருக்கே சார், ஏன் பூசணிகிட்ட போறோம்?" என்று தலைமையாசிரியை கேட்டார். நியாயமான கேள்வி. பூசணியும் பொங்கல் சாமான்களில் ஒன்றுதான் என்பதை நான் அப்போது சொல்லவில்லை. பள்ளிப் பொங்கலை நாங்கள் குறையில்லாமல் செய்வோம். திடலில் வரிசையாகப் பானை, வேட்டி கட்டிய ஆண் பிள்ளைகள், வேட்டி அவிழ்ந்த ஆண் பிள்ளைகள், பசாரில் வாங்கிய கரும்பு, விறகு ஈரமாக இருந்தால் அவசரத்துக்குக் கேஸ் தோம்பு. கொரோனாவுக்குப் பிறகு பள்ளி ஆண்டு மார்ச்சுக்குத் தள்ளிப்போனதில் சில வருடம் பொங்கல் பள்ளி ஆண்டின் வாலில் வந்து விழுந்தது. தை பிறந்தும் வழி பிறக்காமல் பிள்ளைகள் பழைய வகுப்பிலேயே உட்கார்ந்திருந்தார்கள். 2026-இல்தான் பள்ளி ஆண்டு ஜனவரிக்கே திரும்பி, பொங்கலுக்கும் ஆரம்பத்தில் இடம் கிடைத்தது.

ஆனால் அறுவடை என்று வரும்போது பொங்கலும் எங்களுக்குப் பாதி இரவல்தான். காவிரிப் பக்கத்து நெல்லுக்கு அது கணக்குப் பார்த்து வைத்த நாள். ஜொகூரில் வயல் பார்க்க வேண்டுமானால் மெர்சிங் தாண்டி எண்டாவ் போன்ற சில இடங்களுக்குப் போக வேண்டும். நாட்டுக்குத் தேவையான அரிசியில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் வெளியிலிருந்து கப்பலில் வருகிறது. 2023 செப்டம்பரில், அதாவது உலகம் அறுவடை கொண்டாடிக்கொண்டிருந்த வேளையில், பத்துக் கிலோ 26 ரிங்கிட்டுக்கு விற்ற உள்ளூர் அரிசி கடைகளிலிருந்து மாயமாய் மறைந்தது. அதையடுத்து வந்த பொங்கலன்று "உழவருக்கு நன்றி சொல்வோம்" என்று நான் பேசியபோது ஒரு சிறுமி கை தூக்கி, "சார், சியாம்காரவங்களுக்குத் தமிழ் புரியுமா?" என்று கேட்டாள். அவள் வீட்டு அரிசி மூட்டையில் தாய்லாந்து என்று போட்டிருந்திருக்கிறது.

இந்த நாட்டில் அறுவடைக்கென்றே பொதுவிடுமுறை விடுகிறவர்கள் கடலுக்கு அப்பால் இருக்கிறார்கள். சபாவில் மே 30, 31 காமத்தான். சரவாக்கில் ஜூன் 1, 2 காவாய். பொங்கலுக்கு அந்த யோகம் இல்லை. செம்பனை அறுவடைக்கோ விழாவும் இல்லை, கோலமும் இல்லை, பாட்டும் இல்லை. பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வருடம் பூராவும் வெட்டிக்கொண்டே இருக்கிற பயிருக்கு எந்த நாளில் விழா எடுப்பது? மாதம் இருமுறை பொங்கல் வைத்தால் கம்பெனி தாங்காது.

இதைத்தான் ஆசிரியர் அறையில் தமிழ் ஆசிரியரிடம் கேட்டேன்: ஐந்திணையில் செம்பனைத் தோட்டம் எந்தத் திணை? அவர் மரபு பிசகாதவர். காட்டை அழித்துவிட்டதால் முல்லையாகாது, வயலில்லாததால் மருதமாகாது, மேடாக இருந்தாலும் தேன் எடுக்க ஆளில்லாததால் குறிஞ்சியாகாது என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்து கடைசியில் "கம்பெனித் திணை" என்று தீர்ப்புச் சொன்னார். பிறகு அவருக்கே உற்சாகம் பிறந்து கருப்பொருளை அடுக்க ஆரம்பித்துவிட்டார். தெய்வம் முனியாண்டி. மரம் முள்ளுத்தேங்காய் (பழைய ஆட்கள் செம்பனையை அப்படித்தான் சொல்வார்கள்). பறவை ஆந்தை. விலங்கு எலி. தொழில் குலை வெட்டலும் லூஸ் பொறுக்கலும். பறை, விடியற்காலையில் ஆட்களைக் கூட்டிப் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்து மணி. "பெரும்பொழுது?" என்றேன். "அதுதான் இங்க இல்லையே" என்று தேநீர்க் கோப்பையைக் கழுவப் போய்விட்டார்.

அந்த உரையாடலின் சூடு ஆறுவதற்குள் நானும் ஆங்கில டீச்சரும் தோட்ட ஆபிசுக்குப் போய் ஒரு குலை கேட்டோம். பிள்ளைகளைக் குலை வெட்டும் இடத்துக்கு அழைத்துப் போக முடியாது. இருபது கிலோ முள் உருண்டை உயரத்திலிருந்து விழுகிற இடம் அது. கணக்கெழுதும் கிராணி எங்களை மேலும் கீழும் பார்த்தார். "குலை தர்றேன் சார். ஆனா கணக்குல ஏறியாச்சு. வெள்ளிக்கெழம வாங்குறீங்க, திங்கக்கெழம லூஸோட திரும்பி வரணும்." லூஸ் என்பது குலையிலிருந்து உதிரும் தனிப்பழம். கீழே லூஸ் கிடந்தால்தான் மேலே குலை பழுத்ததென்று அர்த்தம். வெட்டுகிறவருக்கு அதுவே கடிகாரம், அதுவே நாட்காட்டி.

பூசணித் தாளில் இருந்த கேள்வி ஒவ்வொன்றும் குலைக்குப் பொருந்தியது. எவ்வளவு எடை இருக்கும், ஊகிக்க. ஒரு பையன் கிட்டே போய்க் காலால் லேசாகத் தட்டிவிட்டு "இருபத்தி ரெண்டு" என்றான். தராசில் வைத்தால் இருபத்திரண்டேகால். அவன் அப்பா வெட்டுக்காரர். எத்தனை பழம் இருக்கும், ஊகிக்க. பிள்ளைகள் நூறு, இருநூறு என்றார்கள். ஒரு குலையில் ஆயிரத்துக்கு மேல் இருக்கும், பெரியதில் மூவாயிரம் வரை போகும் என்றதும் "எண்ணலாம் சார்!" என்று பாய்ந்தார்கள். வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொன்னால் தண்ணீர் குடிக்கப் போகிற அதே பிள்ளைகள்தான். குலையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய் கிடைக்கும் என்று சொல்லி வகுத்துப் பார்க்க வைத்தேன். நாலு கிலோ சொச்சம் என்று கண்டுபிடித்த சிறுமி, "அவ்ளோதானா? எங்கம்மா வடை சுட்டா ரெண்டே தடவையில முடிச்சிருவாங்க" என்றாள்.

மரத்தின் பூர்வீகம் ஆப்பிரிக்கா என்று சொன்னபோது நம்பவில்லை. 1848-இல் ஜாவாவின் போகோர் பூங்காவில் நட்ட நாலே நாலு கன்றுகளின் வம்சம் இந்த வட்டாரத்துச் செம்பனை. மலாயாவில் முதல் வியாபாரத் தோட்டம் 1917-இல் சிலாங்கூரின் தென்னமாரத்தில். கித்தாவோ பிரேசில், 1877-இல் சிங்கப்பூர் வந்தது 22 கன்று. "அப்போ மரம் எல்லாம் வெளியூரு, நம்பதான் உள்ளூரா?" என்றான் தராசுப் பையன். அவன் கொள்ளுத்தாத்தா திருச்சிப் பக்கம். அந்தக் கேள்வியை நான் நலக்கல்விப் பாடத்துக்கு ஒத்திவைத்தேன்.

ஆனால் பாடத்தைக் கொள்ளையடித்துக்கொண்டு போனவர் ஒரு பாட்டி. பேத்திக்குச் சாப்பாட்டுப் பாத்திரம் கொடுக்க வந்தவர், குலையைப் பார்த்ததும் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார். நான் வண்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்த நேரம். செம்பனைக்கு மகரந்தம் சேர்க்கும் பொடி வண்டைக் கேமரூனிலிருந்து கொண்டுவந்து 1981-இல் மலேசியாவில் முதன்முதலாகத் திறந்துவிட்டது எங்கள் ஜொகூரில்தான், குளுவாங் வட்டாரத்தில். அது வந்தபின் காய்ப்புக் கூடியது. அதுவரை ஆள் வைத்துக் கையால் செய்த வேலையை வண்டு சம்பளமில்லாமல் செய்தது.

"அந்த ஆளு நான்தான்" என்றார் பாட்டி.

வகுப்பு அமைதியாகிவிட்டது. பாட்டி எழுந்து நின்று காட்டினார். மகரந்தத்தை டால்கம் பவுடரில் கலந்து, பொட்டலமாகத் தூக்கிக்கொண்டு, பெண் பூ விரிந்திருக்கிற மரமாகத் தேடிப் போய்ப் புஸ் புஸ்ஸென்று ஊதுவது. "நாள் பூரா பவுடர் வாசனை. வேலைக்குப் போறவ மாதிரியா இருப்போம்? கல்யாணத்துக்குப் போறவ மாதிரி இருப்போம்." பிறகு ஒரு நாள் வேலை வாங்கும் மண்டோர் வந்து நாளையிலிருந்து இந்த வேலை இல்லை, பூச்சி பார்த்துக்கொள்ளும் என்று சொன்னாராம். எந்தப் பூச்சி என்று கேட்டதற்கு அவருக்கும் தெரியவில்லையாம்.

அறிவியல் புத்தகத்தின் மொழியில், "அந்த வண்டு மனிதனுக்கு நன்மை செய்யும் பூச்சி" என்று நான் முடிக்கப் பார்த்தேன். "எந்த மனுசனுக்கு?" என்றார் பாட்டி. பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். வண்டுக் கட்சியில் வெட்டுக்காரர் மகன் உட்பட நாலைந்து பேர். குலை கூடினால் அப்பாவுக்குச் சம்பளம் கூடும் என்பது அவர்கள் வாதம். பாட்டிக் கட்சியில் மற்ற எல்லாரும், ஆங்கில டீச்சரும். 21ஆம் நூற்றாண்டுக் கற்றல் என்று சுற்றறிக்கைகளில் படித்திருக்கிறேன். ஒரு வகுப்பு நாற்காலிமேல் ஏறி நின்று மகரந்தச் சேர்க்கை பற்றிச் சண்டை போடுவதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

மணி அடித்தது, எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள், குலை வகுப்பிலேயே கிடந்தது. செம்பனைப் பழத்தை வெட்டி ஒரு நாளுக்குள் மில்லுக்கு அனுப்பிவிட வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெயில் புளிப்பு ஏறும். எங்கள் குலை சனி, ஞாயிறு இரண்டு நாளையும் மூடிய அறையில் கழித்தது. திங்கள் காலை கதவைத் திறந்த துப்புரவு அக்கா போட்ட சத்தத்தில் பெரட்டுக்களமே திரும்பிப் பார்த்திருக்கும். பழம் பெரும்பாலும் தானாகக் கழன்று தரை முழுக்க உருண்டு கிடந்தது. எறும்பு ஒரு படை. வாசனை சொல்லும்படியாக இல்லை. "பூசணிக்கா எவ்ளோ மேலு சார், அது வெறும் பேப்பரு!" என்றார் அக்கா. பிள்ளைகளுக்கோ பேரானந்தம். வெள்ளிக்கிழமை விட்ட எண்ணிக்கையைத் தொடர்ந்து, லூஸையெல்லாம் பொறுக்கிச் சாக்கில் போட்டு, வெறும் குலையையும் தூக்கிக்கொண்டு ஊர்வலமாக ஆபிசுக்கு வந்தார்கள்.

கிராணி நிறுத்தார். இன்னொரு தடவை நிறுத்தார்.

"ரெண்டு கிலோ கொறையுது சார்."

காய்ந்ததில் கொஞ்சம் போயிருக்கலாம். கோலி விளையாட்டுக்கென்று கால்சட்டைப் பைகளில் கொஞ்சம் போயிருந்ததை வீங்கிய பைகளே சொல்லிக்கொண்டிருந்தன. நான் வாயைத் திறக்குமுன் தராசுப் பையன் முன்னால் வந்து, "எலி சார்" என்றான், கண்ணை இமைக்காமல். கிராணி அவனையும் அவன் பையையும் பார்த்தார். பதிவேட்டைத் திறந்து, இழப்பு என்ற இடத்தில் எலி என்றே எழுதினார்.

எழுதியது மேலே போயிருக்கிறது. எலி என்று ஏட்டில் ஏறினால் தோட்டத்தில் அதற்கொரு நடைமுறை உண்டு. அடுத்த வாரமே இரண்டு ஆட்கள் வந்து பள்ளித் திடலின் மூலையில் கம்பம் நட்டு, உச்சியில் ஆந்தைப் பெட்டி பொருத்திவிட்டுப் போனார்கள். ஆந்தை இன்னும் வரவில்லை. ஒரு மைனாக் குடும்பம் புகுந்துகொண்டு, காலைச் சபையில் தலைமையாசிரியை பேச ஆரம்பிக்கும்போதெல்லாம் கூடவே பேசுகிறது.